பாம்புக்கு உணவிடும் முறை

பாம்புக்குப் பால் வார்த்தல் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் உவமை. தகுதியற்றவனுக்கு ஒருவன் செய்யும் நன்மையைச் சுட்டுதற்கு அதனை எடுத்தாளுவர். பாலை உண்ட பின்னரும் பாம்பு நஞ்சையே கக்குகின்றது என்று அதன்மேற் பழி கூறும் இவ்வழக்கில் உலகியல் நீதி இருக்கலாம். விலங்கியல் உண்மை இல்லை. பால் பாம்பின் உணவன்று. உணவிட்டவரை நினைந்து அன்பு பாராட்டுதலும், அவருக்குத் தீங்கு கருதுதலும் அதன் இயல்பில் இல்லாதவை. வெப்பம், மணம், அசைவு ஆகியவற்றைக் கொண்டே அது தன் இரையை அறிகின்றது. இரை கொடுக்கும் கையிலும் அவை இருக்குமாயின், கையும் அதற்கு இரையே. பாம்புகளைப் பேணுவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இது. பல ஆண்டுப் பழக்கத்தின் பின் அவர்கள் மறந்துவிடும் பாடமும் இதுவே.

இந்நாட்டிற் பாம்புகளைப் பேணுவோர் யாவர் என்பதை முதலில் நோக்குவோம். கொழும்பு மக்கள் பாம்பினை அச்சமின்றி அருகிருந்து காணும் இடம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையாகும். யோன் ஹேகன்பெக் என்னும் ஜெர்மானியர், மேல்நாட்டுக் காட்சிச்சாலைகளுக்கு அனுப்புதற்கெனச் சேகரித்த விலங்குகளை வைத்திருந்த இடத்திலிருந்து வளர்ந்தது இது. 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனைப் பொறுப்பேற்றது. மருதானையிற் புகையிரதம் ஏறி, வெள்ளவத்தையைக் கடந்து கடற்கரையோரமாகத் தெகிவளை சென்று, கண்ணாடிக்கு அப்பாற் சுருண்டு கிடக்கும் வெங்கிணாந்தியைக் கண்டு திரும்பிய பாடசாலைப் பிள்ளைகள் பல தலைமுறையினர். மற்றொரு சாரார் அகிகுண்டகர் எனப்படும் நாடோடி மக்கள். தெலுங்கு மொழி பேசும் இவர்கள், நாகபாம்பைக் கூடையில் வைத்து மகுடி ஊதிப் பிழைப்பு நடத்தியவர்கள். தம்புத்தேகமப் பகுதியிலும், அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள அளிக்கம்பையிலும் இவர்தம் குடியிருப்புக்கள் உள்ளன.

மூன்றாவது சாரார் இக்காலத்திற் புதிதாகத் தோன்றியவர்கள். மேல்நாடுகளிற் பாம்பு வீட்டுப் பிராணியாகக் கடைகளில் விற்கப்படுகின்றது. மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்ததும், அச்சமுற்றாற் பந்துபோலச் சுருண்டுகொள்வதுமான பந்து மலைப்பாம்பும், வட அமெரிக்காவின் சோளப்பாம்பும் அங்கு பெரிதும் வளர்க்கப்படுகின்றன. இலங்கையிலிருந்து சென்று அந்நாடுகளில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்வாசையைக் கொள்ளுதல் இயல்பே. பேரப்பிள்ளை பாம்பு வளர்க்கின்றான் என்ற செய்தி கேட்டுத் திகைக்கும் பாட்டிமார் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கக்கூடும். ஆயினும், அங்கு இயல்வது இங்கு இயலாது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வெங்கிணாந்தி முதலான பாம்புகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறே செய்கின்றது. காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்தல் பரிவும் அன்று. சட்டத்திற்கு இசைந்த செயலும் அன்று.

இனி, பாம்பு உண்ணும் விதத்தை அறிவோம். பாம்புக்கு மெல்லும் பல் இல்லை. இரையைக் கிழித்துத் துண்டாக்கும் ஆற்றலும் இல்லை. எதனை உண்டாலும் முழுதாகவே விழுங்கவேண்டும். இதற்கேற்ப, அதன் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் என்பினால் ஒன்றுபடாது, இழுபடும் நாரினால் மாத்திரம் இணைந்துள்ளன. இடப்புறத் தாடையை ஒருமுறையும் வலப்புறத் தாடையை மறுமுறையுமாக முன்னகர்த்தி, இரையின்மேல் ‘நடந்து’ செல்வதுபோல் அது விழுங்குகின்றது. பற்கள் யாவும் தொண்டையை நோக்கி உள்வளைந்தவை. உள்ளே செல்லும் பொருள் எளிதிற் செல்லும். வெளியே வருதல் அரிது. விழுங்கும்போது மூச்சுத் தடைப்படாதிருக்கும் பொருட்டு, மூச்சுக்குழலின் வாயை முன்னே நீட்டிக்கொள்ளும் திறமும் அதற்கு உண்டு. கவ்வியதைச் சட்டென விடுதல் அதற்கு எளிதன்று என்னும் இச்செய்தியை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர்க் கூறப்படும் விபத்துக்கள் பலவற்றிற்கும் விளக்கம் இதிலேயே அடங்கியுள்ளது.

இரையை அறியும் புலன்களும் தனித்தன்மை வாய்ந்தவை. பிளவுபட்ட நாவினால் காற்றிலுள்ள மணத்துகள்களைத் திரட்டி, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பிற் சேர்த்து மணமறிகின்றது பாம்பு. மலைப்பாம்பு இனங்களுக்கு உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகளும் உள்ளன. அவற்றினால் இருளிலும், சுற்றுப்புறத்தைவிடச் சிறிதளவே சூடான உடலை அது கண்டுகொள்ளும். ஒருவர் முயலையோ எலியையோ தொட்ட கையைக் கழுவாது கூண்டினுட் செலுத்துவாராயின், அக்கையில் இரையின் மணமும் உண்டு, குருதியின் சூடும் உண்டு, அசைவும் உண்டு. குளிர்ந்த எலி ஒன்றைச் சூடான விரல்களாற் பற்றிக் காட்டினால், பாம்பு எலியை விடுத்து விரலைக் கவ்வுதல் அதன் அறிவுக்கு ஏற்ற செயலேயாகும்.

அடுத்தது செரிமானம். பாம்பின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்வதில்லை. சூழலின் வெப்பத்தையே நம்பியிருப்பது. மலைப்பாம்பு நெடுநாள் உணவின்றி இருக்கும்போது அதன் குடலும் ஏனைய உள்ளுறுப்புக்களும் சுருங்கிவிடுகின்றன. பேரிரை ஒன்றை விழுங்கியதும் அவை விரைந்து வளர்கின்றன. பர்மிய மலைப்பாம்பு இரை கொண்டு இரண்டு நாட்களுள் அதன் இதயக் கீழறையின் நிறை ஏறக்குறைய 40 சதவீதம் கூடுகின்றது என்று 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. உண்ட பாம்பு சோம்பிக் கிடப்பதுபோலத் தோன்றினும், உள்ளே பெருந்தொழில் நடைபெறுகின்றது. அத்தொழிலுக்கு வேண்டியது வெப்பம். வெப்பம் குன்றினால் இரை செரியாது வயிற்றிலே அழுகும். வீட்டிற் பேணப்படும் வெப்பநாட்டுப் பாம்புகளுக்குக் கூண்டின் ஒரு பாகத்தில் 30 பாகை செல்சியசு அளவிலான சூடும், மறுபாகத்தில் அதனிற் குறைந்த சூடும் இருத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. கொழும்பின் காலநிலை இயற்கையாகவே அளிக்கும் வெப்பத்தை, இலண்டனின் மாரிக்காலத்தில் மின்சாரங்கொண்டு ஆக்கவேண்டியிருக்கின்றது.

எத்தகைய உணவு ஏற்றது? இதற்கு விடை பாம்பின் இனத்தைப் பொறுத்தது. இலங்கைப் பாம்புகளைப் பற்றி 1921ஆம் ஆண்டிற் பெருநூல் எழுதிய பிராங்க் வோல் என்னும் படை மருத்துவர், தாம் ஆராய்ந்த பாம்புகளின் வயிற்றினுட் கிடந்தவற்றைப் பொறுமையுடன் குறித்துவைத்தார். வெங்கிணாந்தி விலங்குகளையும் பறவைகளையும் உண்ணும். சாரை எலியையும் தவளையையும் உண்ணும். நீர்ப்பாம்பு மீனையும் தவளையையும் நாடும். கட்டுவிரியன் பிற பாம்புகளையும் விழுங்கும். இவற்றுள் எதுவும் பாலையோ சோற்றையோ சமைத்த இறைச்சியையோ நாடுவதில்லை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பாம்பின் குடலுக்கு இல்லை. நாகபஞ்சமி நாளிற் பாம்பு பால் குடித்ததைக் கண்ணாற் கண்டோம் என்போர் பொய் கூறுவதாகக் கொள்ளவேண்டியதில்லை. இந்தியாவிற் பாம்பாட்டிகள் சிலர் பல நாட்களாக நீரின்றி வாடவிட்ட பாம்பை அன்று கொணர்வர். தாகத்தால் வருந்தும் அது, எந்நீர்மம் கிடைப்பினும் வாய்வைக்கும். வலிந்து ஊட்டும்போது பால் மூச்சுக்குழலினுட் சென்று நுரையீரலைக் கெடுப்பதும் உண்டு. பக்தியினாற் கொடுத்த பால், அப்பாம்பின் உயிருக்கு உலைவைத்துவிடுகின்றது. எப்போதும் தூய நீர் நிறைந்த கலம் ஒன்றே பாம்புக்கு வேண்டிய பானம்.

இரையின் பருமனுக்கும் ஓர் அளவு உண்டு. பாம்பின் உடல் மிகப் பருத்திருக்கும் இடத்தின் அகலத்திலும் இரை பெரிதாக இருத்தலாகாது என்பது பொது விதி. இளம் பாம்புக்கு வாரம் ஒருமுறையும், முதிர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும் உணவிடுதல் பெரும்பாலும் போதியது. நாளுக்கு மும்முறை உண்ணும் மனிதன் தன் வயிற்றைக் கொண்டு பாம்பின் பசியை அளக்க முற்படுவதனாலேயே, பேணப்படும் பாம்புகள் பல அளவுமீறிக் கொழுத்து நோயுறுகின்றன.

இரையை உயிருடன் இடுதல் தகாது. பாம்பின் கூண்டில் விடப்பட்ட எலி எப்போதும் அடங்கி இறப்பதில்லை. பாம்புக்குப் பசியில்லாத வேளையில், எலி அதன் உடலைக் கடித்துப் புண்ணாக்கும். கண்ணையும் முதுகெலும்பையும் சிதைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. இரவு எலியை விட்டுவிட்டுக் காலையிற் பார்த்தபோது, எலி நலமாயிருக்கப் பாம்பு குற்றுயிராய்க் கிடந்தது என்பது அநுபவமுள்ளோர் பலர் கூறும் செய்தி. ஆதலின், துன்பமின்றிக் கொல்லப்பட்டு உறைநிலையில் வைக்கப்பட்ட எலியையே இன்று பெரிதும் பயன்படுத்துகின்றனர். அதனை உறைநிலையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, பின்னர்ச் சுடுநீரில் ஒரு பையிலிட்டு உடற்சூட்டின் அளவுக்குக் கொணர்தல் வேண்டும். உள்ளே பனிக்கட்டி எஞ்சியிருப்பின் பாம்பின் வயிறு கெடும். அடுப்பில் வேகவைத்தல் உணவின் இயல்பைக் கெடுக்கும். நுண்ணலை அடுப்பிலிட்டால் இரை வெடித்துச் சிதறும்.

வீதியிற் பிடித்த எலியைக் கொடுக்கலாமா என்று சிலர் வினவுவர். மருதானை, கொட்டாஞ்சேனை போன்ற சனநெருக்கமுள்ள பகுதிகளின் வடிகால்களில் எலிக்குக் குறைவில்லை. ஆயின் அவ்வெலி எவ்வீட்டில் எலிப்பாசாணத்தை உண்டு வந்தது என்பதை யார் அறிவார்? குருதி உறைவதைத் தடுத்துக் கொல்லும் நஞ்சை உண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாள் நடமாடித் திரியும். அதனை உண்ணும் பாம்புக்கும் அந்நஞ்சு சேரும். ஒட்டுண்ணிகளும் அவ்வழியே புகும். மீனுண்ணும் பாம்புகளுக்கு வேறோர் இடர் உண்டு. சில மீன் இனங்களில், பி1 என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியம் உள்ளது. உறைந்த மீனையே மாதக்கணக்கில் உண்ட பாம்பு வலிப்புற்று இறத்தலும் கூடும். பல வகை இரைகளைக் கலந்து கொடுப்பதே அதற்குப் பரிகாரம்.

இனி உணவிடும் முறை. முதலிற் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கூண்டைத் திறந்தவுடன் இரையை நீட்டுதல் கூடாது. கொக்கி பொருத்திய கோலினாற் பாம்பின் உடலை மெல்லத் தொட்டு, இஃது உணவு வேளை அன்று, தூய்மை செய்யும் வேளை என்று அதற்கு உணர்த்தும் வழக்கம் பல காட்சிச்சாலைகளில் உண்டு. நாள்தோறும் கூண்டு திறக்கப்படும்போதெல்லாம் உணவு வருமாயின், திறக்கும் ஓசையே அதற்கு உண்ணும் அழைப்பாகிவிடும். உணவிடும் நாளில் மாத்திரம், கோலாற் றொடாது, ஒரு முழத்துக்குக் குறையாத நீண்ட இடுக்கியினால் இரையின் பின்புறத்தைப் பற்றி, தலை பாம்பை நோக்கியிருக்குமாறு நீட்டுதல் வேண்டும். மயிரின் போக்கிலே தலைமுதலாக விழுங்குதல் பாம்புக்கு எளிது. கவ்விய பின் இடுக்கியை மெல்ல விலக்கி, கூண்டை மூடி, அதனைத் தனிமையில் விடுதல் நன்று. உண்ட பின் இரண்டு நாட்களுக்கேனும் அதனைக் கையால் எடுத்தலாகாது. எட்டு அடிக்கு மேற்பட்ட பாம்பாயின், இரண்டு பெரியவர்கள் உடனிருந்தாலன்றி உணவிடுதல் கூடாது. எத்துணைச் சாதுவான பாம்பாயினும் இவ்விதிக்கு விலக்கு இல்லை.

விலக்குத் தேடியவர்களின் வரலாறு துன்பமானது. 1996ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியில், அடுக்குமாடி வீடொன்றில் 19 வயது இளைஞர் ஒருவர், 13 அடி நீளமான தமது பர்மிய மலைப்பாம்பினாற் கொல்லப்பட்டார். அதற்கு உணவாகக் கொண்டுவந்த கோழி அருகே பெட்டியில் உயிருடன் இருந்தது. கோழியின் மணத்தால் தூண்டப்பட்ட பாம்பு, அருகில் அசைந்த மனிதனை இரையெனக் கொண்டது என்பதே விசாரித்தோர் கருத்து. உதவிக்கு இன்னொருவர் உடனிருந்திருப்பின் அவ்வுயிர் தப்பியிருக்கக் கூடும்.

அறியாமையினால் மாத்திரம் இத்தகைய விபத்து நேர்வதன்று. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரிலுள்ள செங்கன்பேர்க் அரும்பொருட்சாலையின் இயக்குநராயிருந்த றொபேட் மேர்ட்டென்ஸ், ஊர்வன பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். தம் வீட்டிற் பேணிய ஆபிரிக்கக் கிளைப்பாம்பு ஒன்றுக்கு உணவளிக்கும்போது 1975ஆம் ஆண்டில் அவர் கடியுண்டார். கடைவாயில் நச்சுப்பல் கொண்ட அவ்வினத்தின் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. பதினெட்டு நாட்கள் தமது நோயின் போக்கை நாட்குறிப்பில் எழுதிவைத்து, அவ்வாண்டு ஆகத்து மாதம் 23ஆம் நாள் தமது எண்பதாவது வயதில் அவர் உயிர்நீத்தார். வாழ்நாள் முழுவதும் பாம்புகளைக் கற்ற அறிஞருக்கும் உணவு வேளையில் ஒரு கணம் போதியதாயிற்று. அறிவு கையைக் காக்காது. கைக்கும் பாம்புக்கும் இடையிலுள்ள தூரமே காக்கும்.

பாம்பு தனக்கே இழைத்துக்கொள்ளும் விபத்துக்களும் உள. இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1894ஆம் ஆண்டில் போவா இனப் பாம்புகள் இரண்டு ஒரே கூண்டில் இருந்தன. ஒன்று ஏறக்குறைய 11 அடி. மற்றையது 9 அடி. மாலையில் அவற்றுக்குப் புறாக்கள் இடப்பட்டன. மறுநாட் காலை, பெரிய பாம்பு மாத்திரமே அங்கு இருந்தது. அதன் உடல் வியப்பூட்டும் வகையிற் பருத்திருந்தது. இரண்டும் ஒரே புறாவின் இரு பக்கங்களையும் கவ்வியிருக்க வேண்டும். உள்வளைந்த பற்களினால் எதுவும் விட இயலாது, பெரியது புறாவுடன் தன் தோழனையும் விழுங்கியது. ஆதலினாலேயே ஒவ்வொரு பாம்புக்கும் தனித்தனி இடத்தில் உணவிடவேண்டும் என்பது மீறலாகாத விதியாயிற்று. ஒரே கூண்டில் வாழ்வனவாயினும், உணவு வேளையிற் பிரித்து, இரையின் மணம் நீங்கிய பின்னரே அவற்றை ஒன்றுசேர்த்தல் வேண்டும்.

அதே காட்சிச்சாலையில் 1851ஆம் ஆண்டிற் பாம்பு ஒன்று, குளிருக்கென அதன் கூண்டிலிட்ட கம்பளிப் போர்வையை விழுங்கி, ஏறக்குறைய ஐந்து வாரங்களின் பின் அதனை வெளியே கக்கியது. நூற்றைம்பது ஆண்டுகள் சென்றும் அப்பிழை ஒழியவில்லை. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில், 12 அடி நீளமான பர்மிய மலைப்பாம்பு ஒன்று, தனக்கு இட்ட முயல் மின்சாரப் போர்வையிற் சிக்கிக்கொண்டதால், முயலோடு போர்வையையும் அதன் மின்கம்பியையும் சேர்த்து விழுங்கியது. மிருக வைத்தியர் அறுவைச் சிகிச்சை செய்து அவற்றை அகற்றினர், பாம்பு பிழைத்தது. இரை இடும் இடத்தில் துணி, கயிறு, மரத்தூள் முதலிய ஒட்டும் பொருள்கள் இருத்தலாகாது என்பது இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம். அத்தகைய பொருளின் ஒரு நுனி பாம்பின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கக் கண்டால், அதனைப் பற்றி இழுத்தல் பெருந்தவறு. தொண்டையும் குடலும் கிழிந்துபோகும். அதனை அமைதியாக இருக்கவிட்டு மிருக வைத்தியரை நாடுதலே தக்கது.

உண்டதைக் கக்குதல் அடிக்கடி நேரும் மற்றோர் இடர். சூடு போதாமை, இரை மிகப் பெரிதாதல், உண்டவுடன் கையாலெடுத்தல், நோய் ஆகியன இதற்குக் காரணங்கள். கக்கிய பாம்பு பசித்திருக்கும் எனக் கருதி உடனே மீண்டும் உணவிடுவோர் உளர். வயிற்றின் அமிலத்தால் அதன் தொண்டை புண்பட்டிருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் நீர் மாத்திரம் கொடுத்து, வெப்பத்தைச் சீர்செய்து, பின்னர்ச் சிறியதோர் இரையில் தொடங்குதல் வேண்டும். மீண்டும் கக்குமாயின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி உண்ண மறுக்கும் பாம்பைப் பற்றிய கவலை. தோலுரிக்கும் காலத்திற் கண் மங்கியிருக்கும் பாம்பு உண்ணாது. புதிய இடத்துக்குக் கொணரப்பட்ட பாம்பும் சில வாரம் உண்ணாது. பந்து மலைப்பாம்பு ஆண்டில் சில மாதங்கள் உண்ணாதிருத்தல் இயல்பே. கூண்டின் வெப்பத்தை நோக்குதல், ஒளிந்துகொள்ள ஓரிடம் அமைத்தல், மாலையில் இரையிடுதல் ஆகியவற்றை முதலிற் செய்து பார்த்தல் வேண்டும். இவற்றுக்கு மேலாக வேண்டியது ஒரு குறிப்புப் புத்தகம். இட்ட இரை, இட்ட நாள், தோலுரித்த நாள், பாம்பின் நிறை ஆகியவற்றை அதில் எழுதிவந்தால், பட்டினி எது, நோய் எது என்பது தெளிவாகும். உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு குறையும்வரை அச்சத்துக்கு இடமில்லை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. வாயைத் திறந்து வலிந்து ஊட்டுதல் மிருக வைத்தியருக்கே உரிய தொழில். வீட்டார் செய்யின் தாடையோ மூச்சுக்குழலோ சிதையும்.

நஞ்சில்லாப் பாம்பு கையைக் கவ்விக்கொண்டால் என்செய்வது? கையை இழுத்தலே மனித இயல்பு. அதுவே தீமையை மிகுவிப்பது. இழுத்தாற் பற்கள் தசையைக் கிழிக்கும். பாம்பின் பற்களும் முரியும். அசைவின்றி நின்று துணைவரை அழைத்தல் வேண்டும். சுற்றிக்கொண்ட உடலை வாற்புறத்திலிருந்து சுற்றுச் சுற்றாகக் கழற்றுதல் வேண்டும். தலைப்புறத்தில் தொடங்கினால் அது மேலும் இறுக்கும். தலையின்மேற் குளிர்ந்த நீரை ஓடவிட்டாலும், வாயோரத்தில் மதுசாரத்தைச் சிறிது தடவினாலும் பெரும்பாலும் விட்டுவிடும். பின்னர்ப் புண்ணைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரைக் கேட்டல் தகும். ஊர்வனவற்றின் உடலிற் சல்மொனெல்லா என்னும் கிருமி தங்கியிருத்தலால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றைப் பேணாதிருத்தலே நலம்.

நச்சுப்பாம்பு கடித்தால் வேறெதற்கும் காலம் போக்குதல் ஆகாது. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி, அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் யாவும் கேடு பயப்பன. பாம்பை அடித்துக் கொண்டுசெல்ல முயன்று இரண்டாம் முறை கடியுண்டோர் உளர். தூரத்திலிருந்து எடுத்த புகைப்படமே போதும். இலங்கை வைத்தியசாலைகளில் வழங்கப்பட்டுவரும் நஞ்செதிர் மருந்து இந்தியாவில் ஆக்கப்படுவது. மகாபலிபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் நஞ்சு அம்மருந்துக்கு முக்கிய மூலமாகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கே அது உரியது. சிங்களத்திற் குணகட்டுவா எனப்படும் மூக்கு நிமிர்ந்த சிறு விரியனின் நஞ்சுக்கு அது பயன்படாது. இலங்கையில் அடிக்கடி கடிக்கும் பாம்புகளுள் அதுவும் ஒன்று. மருந்து உண்டென்று நம்பி நச்சுப்பாம்போடு விளையாடுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அவ்விருளர் செயலில் ஒரு படிப்பினை உண்டு. பரம்பரை பரம்பரையாகப் பாம்பின் தடமறிந்து பிடிக்கும் அம்மக்கள், தாம் பிடித்த பாம்பைத் தமதெனக் கொள்வதில்லை. அரசின் உத்தரவுடன் மட்பானைகளிற் சில வாரம் வைத்து, நஞ்சினை எடுத்து, மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். பாம்பை மிக நன்கறிந்தோர் அதனை மிகக் குறுகிய காலமே வைத்திருக்கின்றனர்.

பாம்பைப் பேணுவது சட்டத்திற்கு இசைந்த நாடுகளில் வாழும் இளைஞர், இவற்றையெல்லாம் கற்ற பின்னரே அதனை வீட்டிற்குக் கொணர்தல் முறையாகும். இந்நாட்டில் வாழ்வோர் வீட்டு முற்றத்திற் பாம்பைக் காணின், அதற்குப் பாலும் வேண்டாம், தடியும் வேண்டாம்; விலகி நின்று வழிவிட்டு, வேண்டுமாயின் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவித்தல் போதும். வயலிலும் தோட்டத்திலும் எலியைத் தேடி உண்ணத் தெரிந்த அதற்கு, மனிதன் ஊட்டவேண்டிய தேவை இல்லை. கூண்டிலடைத்துத் தன் உணவைத் தான் தேடும் உரிமையைப் பறித்தவனுக்கே ஊட்டும் கடமை உண்டு. அக்கடமையைப் பொறுமையோடும் தூரத்தோடும் செய்தல் வேண்டும்.